வேலியில் ஒரு கார்த்திகைப் பூ

பழவேற்காட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி மணல்தான். கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கும். ரோஜாச் செடி எத்தனை வைத்தாலும் கருகிப் போகும். ஆனால் கார்த்திகைப் பூ என்கிற செங்காந்தளுக்குக் கிணற்றுத் தண்ணீரே வேண்டாம், மழை போதும். ஆடி கடைசியில் குருத்து ஒடியாமல் கிழங்கைப் புதைத்து, பழைய வலைத் துண்டை வேலியில் கட்டிவிட்டேன். இலை நுனியே சுருண்டு வலையைப் பற்றிக்கொண்டு ஏறியது. ஐப்பசி மழையில் பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, சிவந்து ஜொலித்தது! நம் மாநில மலராயிற்றே!

மாமியார்தான் பயந்தார். "வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு புள்ளைங்க சுட்டுத் தின்னுட்டா என்னடி பண்ணுவே?"

நியாயமான பயம். கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. அதிலுள்ள கால்சிசின், 'கௌட்' மூட்டுவலிக்கு டாக்டர்கள் அளந்து தரும் மருந்து. அதற்காக நாம் கைவைத்தியம் செய்யக் கூடாது. தவறித் தின்றால் வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். 'குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது' என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொடி காய்ந்ததும் கையுறை போட்டுக் கிழங்கைத் தோண்டி, டப்பாவில் பூட்டிவைக்கிறேன். அடுக்களைப் பக்கம் கொண்டுபோவதே இல்லை. "கண்ணாலே பாரு, கையாலே தொடாதே" என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். மாமியாருக்கும் நிம்மதி.