கத்தரி பிடிக்க இயலாத கைகளுக்கு



தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிழைப்பைத் தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வந்து குடியேறினவர்கள் உங்களில் அநேகர். உங்கள் தாய்மார்களின் கைகளை நீங்கள் அறிவீர்கள். பனியிலும் மழையிலும் கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனி கறுத்துப்போன விரல்கள் அவை. பிற்காலத்தில் கொழுந்து வெட்டுவதற்கென்று பெட்டி பொருத்தின பெரிய கத்தரி வந்தது. எடை கூடிற்று, கூடவே மணிக்கட்டு வலியும் தோள்பட்டை வலியும் கூடின. 58 வயதில் ஓய்வு. குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் பேர் பதிந்திராவிட்டால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்குப் பின் எங்கே போவது, எதைக்கொண்டு பிழைப்பது என்கிற கேள்வி 50 வயதைக் கடந்த பெண்களின் உள்ளத்தில் ஓயாமல் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கிறவர்கள் சிலரே.

இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. தையல் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே அது. சபைகளில் சொல்லுகிறோம், குடும்பஸ்ரீ போன்ற அயல்கூட்டங்களிலும் சொல்லுகிறார்கள். மெஷினை இலவசமாகக் கொடுக்கிற தயாளருக்கும் குறைவில்லை. ஆனால் தையலில் முதல் வேலை வெட்டுவதுதான் என்பதை மெஷின் கொடுக்கிறவர்கள் யோசிப்பதில்லை. ஒரு வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்தபின் வயதான சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார்: “பாஸ்டர் ஐயா, மிதிக்கக் கால் இருக்குதுங்க. கத்தரி பிடிக்கத்தான் கை இல்லீங்க.” அரைமணி நேரம் துணி வெட்டினால் பெருவிரலின் அடிமூட்டு வீங்கி இரவெல்லாம் உறக்கமில்லையாம். அவருக்குக் கிடைத்த மெஷின் துணியால் மூடி மூலையில் வைக்கப்பட்டிருந்தது. அன்றுமுதல் இந்தக் காரியத்தைக் குறித்து விசாரித்து வந்தேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

கிறிஸ்மஸுக்குக் கலகலா செய்யும்போது மாவைத் தேய்த்து, அச்சை அழுத்தி ஒரே வடிவமாகத் துண்டு போடுகிறோம் அல்லவா? துணிக்கும் அப்படி ஓர் அச்சு உண்டு. அதை ‘டை’ என்பார்கள். கூரிய எஃகுப் பட்டையை வேண்டிய வடிவத்தில் வளைத்து, ஒட்டுப்பலகையில் அறுத்த பள்ளத்தில் நிறுத்தியிருப்பார்கள். பட்டையைச் சுற்றிலும் ரப்பரைப் போன்ற பஞ்சு ஒட்டியிருக்கும். துணியை அதன்மேல் மடித்து வைத்து, மேலே ஒரு தகடு வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்பினால், அழுத்தத்தில் பஞ்சு அமுங்கும், எஃகு துணியை வெட்டும். அழுத்தம் நீங்கினவுடன் பஞ்சு எழும்பித் துண்டுகளை வெளியே தள்ளிவிடும். சாதாரணப் பருத்தித் துணியானால் 4 முதல் 6 மடிப்பு வரை ஒரே சுற்றில் வெட்டலாம். விரல்களுக்கு நெருக்கமில்லை. கைப்பிடியைச் சுற்றப் புயபலம் கொஞ்சம் வேண்டும். அதை ஒரு வாலிபப் பிள்ளை செய்யலாம்.

இது புதுமையான சங்கதி என்று எண்ண வேண்டாம். செருப்பு, ஷூ செய்கிறவர்கள் தோலை டை வைத்து வெட்டத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சகோதரர்களுக்கு இது அன்றாட வேலை. அட்டைப்பெட்டித் தொழிலுக்கும் டையே ஆதாரம். 1879-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்தில் ராபர்ட் கெயர் என்பவருடைய அச்சகத்தில், காகிதப் பையில் மடிப்புக் கோடு போடவேண்டிய உலோகப் பட்டை நகர்ந்து உயர்ந்துபோய், பைகளை வெட்டிவிட்டது. சரக்கு வீணாயிற்று. கெயரோ, ஒரே அழுத்தத்தில் மடிக்கவும் வெட்டவும் கூடுமே என்று அதிலிருந்து கண்டுகொண்டார். தட்டையாக அனுப்பி மடித்துக்கொள்ளும் பெட்டிகள் அப்படிப் பிறந்தன. சிவகாசி அச்சகங்களில் ‘டை பஞ்சிங்’ என்று சொல்லுவது இந்த வேலையைத்தான். வீட்டு மேசையில் வைத்துச் சுற்றும் சிறிய இயந்திரங்கள் பிற்பாடு வந்தவை. சிசிக்ஸ் என்ற பெயரில் ஒன்று 2001-இல் வெளிவந்தது. மேல்நாடுகளில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்கள் இப்படிப்பட்டவற்றை மிகுதியாக உபயோகிக்கிறார்கள்.

கருவியே வடிவத்தை அறிந்திருக்குமானால், கையில் நுட்பம் குறைந்தவர்களும் நல்ல வேலை செய்யலாம் என்பதற்கு மூணாற்றிலேயே சாட்சி உண்டு. தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக டாடா டீ நிறுவனம் 1991-இல் தொடங்கின சிருஷ்டியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் ‘ஆரண்யா’ பிரிவில் தாவரச் சாயங்களால் துணிக்கு நிறம் ஏற்றுகிறார்கள். ‘அதுல்யா’வில் கையால் காகிதம் செய்கிறார்கள். ஆரண்யாவின் துணிகளுக்குப் பேர்பெற்ற ஷிபோரி என்னும் ஜப்பானிய முறையைக் கவனியுங்கள். துணியை மடித்து, கட்டி, அல்லது ஒரே அளவான இரண்டு பலகைகளுக்கிடையே இறுக்கிச் சாயத்தில் முக்குவார்கள். பலகை மூடின இடத்தில் சாயம் ஏறாது, அதுவே கோலமாகிவிடும். கோடு வரையத் தெரிய வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் போதும். ஒருவர் மடிப்பார், ஒருவர் கட்டுவார், ஒருவர் முக்குவார். வேலையை இப்படிப் பகுக்க முடிந்தபடியால், ஒரு சேலையை முழுவதும் தனியாகச் செய்ய இயலாதவரும் அதில் தமக்கென்று ஒரு பங்கை உடையவராகிறார். டை வெட்டும் இதே வழியில்தான் செல்லுகிறது. சுற்றுகிறவர் ஒருவர், அடுக்குகிறவர் ஒருவர், தைக்கிறவர் ஒருவர். மூலையில் மூடிக் கிடக்கிற மெஷின் அப்போது வெளியே வரும்.

இனி வேலையின் உட்காரியங்களுக்கு வருவோம். இங்கேதான் லாபமும் நஷ்டமும் தீர்மானமாகின்றன.

கிறிஸ்மஸ் நாட்களில் மூணாற்றுக்கு வரும் பயணிகள் விரும்பி வாங்குவது தோரணங்கள், துணி நட்சத்திரங்கள், சிறு பைகள். நட்சத்திரம் தொங்கவிடுவதில்லை என்கிற சபையார் நம்மில் உண்டு. அதைப்பற்றி நான் இங்கே வாதிட வரவில்லை. முக்கோணத் தோரணத்தை எடுத்துக்கொள்வோம். அடி 6 அங்குலம், உயரம் 8 அங்குலம் உள்ள முக்கோணம். துணியின் அகலம் 44 அங்குலம். முக்கோணங்களை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைத்து வெட்டினால் 8 அங்குலப் பட்டையில் 7 தான் கிடைக்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி வைத்தால் 13 கிடைக்கும். ஒரு மீட்டரில் இப்படி 4 பட்டைகள் போடலாம். 28 துண்டு வரவேண்டிய இடத்தில் 52 துண்டு. கத்தரியால் வெட்டுகிறவர்கள் அளவு கெட்டுப்போகும் என்று பயந்து இப்படி நெருக்கி வெட்டுவதில்லை. டை ஒவ்வொரு முறையும் அதே அளவைத் தருவதால் தைரியமாக நெருக்கலாம். பூவும் மரமும் அச்சடித்த துணியில் மட்டும் இது கூடாது. பாதி மரங்கள் தலைகீழாக நிற்கும்!

துணியை எந்தப் பக்கமாக வைப்பது என்பதும் முக்கியம். நெசவில் பாவு நூல் நீளவாக்கில் இறுக்கமாக ஓடும். ஊடை நூல் குறுக்கே சற்று இளக்கமாக இருக்கும். உருளை துணியை இழுக்கும் திசையில் பாவு நூல் இருந்தால் வடிவம் நிற்கும். குறுக்கே வைத்தாலோ துணி இழுபட்டு, வட்டம் முட்டையாகிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பனியன் துணி நெசவல்ல, பின்னல். வெட்டினவுடன் ஓரம் சுருண்டுகொள்ளும். பின்பக்கம் ஃப்யூசிங் ஒட்டித் தேய்த்தபின் வெட்டினால் உபயோகப்படும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவல்ல. திருப்பூரில் இருக்கிற பிள்ளைகள் ஊருக்கு மூட்டை அனுப்புமுன், அது பின்னலா, நெசவா என்று பார்த்து அனுப்புவார்களாக. ஒரே நிறமான நெசவுத் துணித் துண்டுகள் ஒரு முழ அளவில் கிடைத்தால் அவை பொன்னுக்குச் சமானம்.

துவைக்காத கோடித்துணியைப் பழைய வஸ்திரத்தில் ஒட்டுப்போடுவதைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமை மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் ஆவிக்குரிய பொருளை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். தையற்காரருக்கோ அது அப்படியே தொழில் அறிவுரை. பருத்தி முதல் சலவையில் சுருங்கும். முன்பே சுருங்கிவிட்ட துணியில் அதைத் தைத்தால், தையல் ஓரத்தை இழுத்துக் கிழிக்கும். ஆகையால் துவைத்து, காயவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகே டையில் வைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணி சுத்தமாக வெட்டுப்படும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் தைக்கிறவர்கள் சிவப்பைத் தனியாக இரண்டு முறை அலசட்டும். மலையில் ஒரு தூறல் போதும், வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிடும்.

இதில்தான் தேவிகுளத்துக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி உலராது. பயணிகள் கூட்டமோ டிசம்பரில். கிறிஸ்மஸ் சரக்கை நவம்பர் நடுவில் கடையில் வைக்க வேண்டுமானால் செப்டம்பரில் வெட்டியாக வேண்டும், அக்டோபரில் தைத்தாக வேண்டும். அக்டோபரில் துலா மழையும் வரும். ஆகவே துணியைக் கோடையிலேயே வாங்கி, ஏப்ரல் வெயிலில் துவைத்து உலர்த்தி, தகர டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்ளுவது உத்தமம். வாங்குவதற்கு அப்போது பணம் வேண்டுமே! நகரத்தில் சம்பாதிக்கிற பிள்ளைகளே, அம்மாவுக்கு டிசம்பரில் அனுப்பும் சேலைப் பணத்தை ஏப்ரலில் அனுப்பிப் பாருங்கள். எஃகுப் பட்டைக்கும் ஈரம் சத்துரு. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கவேண்டும். மறுமுறை முதலில் ஒரு பழந்துணியை வெட்டி எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் புதுத்துணியை வைக்கவேண்டும்.

கருவியை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். மேல்நாட்டு இயந்திரங்களின் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றோடு விற்கப்படும் மெல்லிய தகட்டு டைகள் பெரும்பாலும் காகிதத்துக்கானவை; ஃபெல்ட்டை வெட்டும், ஆறு மடிப்புப் பருத்தியை வெட்டாது. துணிக்கு எஃகுப் பட்டை டையே வேண்டும். அதை நம் ஊர்களிலேயே, பெட்டித் தொழிலுக்கும் தோல் தொழிலுக்கும் டை செய்கிறவர்களிடம் அளவு வரைந்து கொடுத்துச் செய்துகொள்ளலாம். வரைந்து கொடுக்கும்போது தையலுக்கென்று சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்துச் சொல்லத் தவறினால், தைத்து முடித்தபின் பொருள் அரை அங்குலம் குறைந்துபோகும். டையைத் தாங்கும் உருளை இயந்திரத்தின் அகலத்தையும், பலகையின் கனத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் வைத்துக்கொண்டால் போதும். அது வாரத்தில் ஒரு நாள் ஓடினாலே ஆறு தையல் மெஷின்களுக்கு வேலை கொடுக்கும். வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண்.

டை வந்தால் எல்லாருடைய பொருளும் ஒன்றுபோல் இருக்குமே, கைவேலையின் அழகு போய்விடாதா என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரிலுள்ள மொரேவியப் பள்ளியில் 1830-களில் பிள்ளைகளுக்கு வடிவ கணிதம் கற்பிப்பதற்காகக் காகித நட்சத்திரம் செய்யச் சொன்னார்கள். ஒரே அளவான கூம்புகளை ஒட்டினால்தான் அது நட்சத்திரமாகும். அளவு பிசகினால் பொருந்தாது. பிற்பாடு ஹெர்ன்ஹூட்டில் அது ஒரு பட்டறைத் தொழிலாகி, இன்றுவரை அநேகருக்குப் பிழைப்பாக இருக்கிறது. ஒன்றுபோலிருப்பது அங்கே குறையாக எண்ணப்படவில்லை. நம் பெண்களும் துண்டுகள் ஒன்றுபோலிருக்க, நிறச் சேர்க்கையிலும் ஓரத்தில் போடும் கைத்தையலிலும் தங்கள் தங்கள் ரசனையைக் காட்டட்டும். வாங்குகிறவர் கண் முதலில் போவது அங்கேதான். மடிப்பு கோணலாகவும் ஓரம் பிசிறாகவும் இருந்தால், “ஏழைகள் செய்தது, இருக்கட்டும்” என்று இரக்கப்பட்டு ஒருமுறை வாங்குவார்கள். மறுமுறை வரமாட்டார்கள்.

ஒரே ஒரு டைக்குத்தான் பணம் இருக்கிறது, எந்த வடிவத்தை வாங்குவது என்று கேட்டால், நட்சத்திரத்தை விட்டு முக்கோணத்தை வாங்கச் சொல்லுவேன். நட்சத்திரம் ஆறு வாரம் விற்கும். முக்கோணம் கிறிஸ்மஸுக்குத் தோரணம், ஜனவரியில் கன்வென்ஷன் பந்தலுக்குக் கொடி, ஏப்ரல் மே மாதங்களில் கல்யாண வீட்டு அலங்காரம், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த துணிப்பை. ஒற்றை உபயோகப் பிளாஸ்டிக்குக்குக் கேரளத்தில் 2020 ஜனவரி முதல் தடை வந்த பிறகு கடைகளில் துணிப்பையை வேண்டாமென்பார் குறைவு. எஞ்சுகிற துணுக்குகளைக்கூடப் போட்டுவிடாமல் ஒரு சாக்கில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தைகளுக்கு உள்ளே அடைக்க, விலை கொடுத்துப் பஞ்சு வாங்க வேண்டியதில்லை.