ஏற்க மறுத்த எண்

கருவிகள் நமக்குப் பணிசெய்யும் வரையில் நாம் அவற்றைப் பற்றி எண்ணுவதில்லை. அவை மறுக்கும்போதுதான் எண்ணத் தொடங்குகிறோம். சென்ற விடுமுறையில் ஒரு கணிப்பொறி என்னை மறுத்தது. அதனால் நான் கற்றதை நண்பர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

என் தாத்தா தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் உதவியாளாக இருந்தவர். நாள்தோறும் காலையில் மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. அலுவலகப் பேரேட்டில் எழுதியதோடு, தமக்கென்று ஒரு நோட்டிலும் எழுதி வைத்தார். 1978 முதல் 1988 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பதினொரு நோட்டுகள். பாட்டி அவற்றைத் தகரப் பெட்டியில் காத்து வந்தார். என் முதுகலை ஆராய்ச்சி மழையைப் பற்றியது. ஆகவே இந்த நான்காயிரம் நாட்களையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். என் வழிகாட்டியான ஆசிரியர், எக்செல் விரிதாளில் தாமே ஒரு படிவம் அமைத்து மின்னஞ்சலில் அனுப்பினார்.

லயத்தின் முன்கட்டில் அமர்ந்து படிவத்தைத் திறந்தேன். எண்ணைத் தட்டினேன், கட்டம் வெறுமையாகவே இருந்தது. மீண்டும் தட்டினேன், பயனில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே முதலில் அஞ்சினேன். மலையில் அதைப் பழுதுபார்க்க யார் இருக்கிறார்கள்?

ஆனால் அச்சம் ஆராய்ச்சி ஆகாது. நோட்பேடைத் திறந்து தட்டிப் பார்த்தேன், எழுத்துகள் வந்தன. ஆகவே விசைப்பலகை குற்றமற்றது. எக்செல்லில் புதிய தாள் ஒன்றைத் திறந்தேன். அதுவும் எண்களை ஏற்றது. ஆகவே எக்செல்லும் குற்றமற்றது. எஞ்சியது அந்தக் கோப்பு ஒன்றே. அதன் தலைப்பில் மஞ்சள் பட்டை ஒன்று இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். மின்னஞ்சலில் வந்த கோப்பைப் படிக்க மட்டும் விட்டு, திருத்த விடாமல் காப்பது எக்செல்லின் வழக்கம். அந்தப் பட்டையில் இருந்த பொத்தானை அழுத்தியதும் கட்டங்கள் திறந்தன. தலைப்புக் கட்டங்களும் கூட்டுத்தொகைக் கட்டங்களும் மட்டும் பூட்டியே இருந்தன. அவற்றை ஆசிரியர் வேண்டுமென்றே பூட்டியிருந்தார். அது முறைதான்.

பிறகு வேலை ஓடிற்று. தாத்தா அங்குலத்திலும் சென்டிலும் எழுதியிருந்தார். நூறு சென்ட் ஓர் அங்குலம். ஒவ்வொன்றையும் 25.4 ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்கி ஏற்றினேன். ஆறு நாட்கள் தடையில்லை. ஏழாம் நாள் ஒரு ஜூலை மாதப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே 12.40 என்று இருந்தது. பெருக்கினால் 314.96 மில்லிமீட்டர். தட்டினேன். உடனே ஒரு சிறு பெட்டி எழுந்து, இந்த மதிப்பு இக்கட்டத்துக்கு விதித்த வரம்புக்குப் பொருந்தவில்லை என்றது.

மீண்டும் முயன்றேன், அதே பெட்டி. 250 என்று தட்டினேன், மறுத்தது. 200 என்று தட்டினேன், ஏற்றுக்கொண்டது.

இங்கே என் நெஞ்சின் நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 200 என்றே விட்டுவிடலாம் என்று எண்ணினேன். இரவு பதினொரு மணி. இன்னும் நான்கு நோட்டுகள் கிடந்தன. அதைவிடக் கொடிய எண்ணம் ஒன்றும் வந்தது: தாத்தாதான் தவறாக எழுதியிருப்பாரோ? ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 2.40 என்பதற்கு முன்னால் கைதவறி ஒன்றைப் போட்டிருக்கலாமே! இயந்திரம் மறுத்தவுடன் இயந்திரத்தை நம்பி, வளர்த்த தாத்தாவை ஐயுற்றேன். படித்தவன் புத்தி அப்படி வேலை செய்தது.

காலையில் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் சிறு கோடுகள் இருந்தன. ஒன்பது, எட்டு, ஏழு என மூன்று கூட்டம். கீழே 40 என்று ஓர் எண். பாட்டியிடம் காட்டினேன்.

“கிளாசு கணக்குய்யா அது. அரை இஞ்சு பிடிக்கும் ஒரு கிளாசு. அன்னைக்கு ராத்திரி கூரையே பேத்துக்கிட்டுப் போற மழை. குழாய் நெறைஞ்சு வழிஞ்சா கணக்குக் கெட்டுப் போகும்னு, சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ரெண்டு தரம் எந்திரிச்சுப் போனாரு. விடிஞ்சும் ஒரு தரம் போனாரு. போகாதீங்கன்னு சொன்னேன், கேக்கல.”

ஒன்பதும் எட்டும் ஏழும் இருபத்து நான்கு. இருபத்து நான்கு அரை அங்குலம் பன்னிரண்டு அங்குலம். மீதிகள் சேர்ந்து 40 சென்ட். கணக்கு அணுவளவும் பிசகவில்லை. என் கண்கள் கலங்கின.

அலைபேசியில் சமிக்ஞை கிடைக்கும் வளைவுக்கு நடந்து சென்று ஆசிரியரை அழைத்தேன். அவர் சிரித்தார்.

“அந்த வரம்பைப் போட்டது நான்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கத்து மழைக்காகச் செய்த படிவம் அது. அங்கே ஒரு நாளில் இருநூறைத் தாண்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மலையை மறந்துவிட்டேன்.”

பாலக்காட்டின் கிழக்கே சித்தூர் வட்டம் கேரளத்தில் மழை குறைந்த பகுதி. அந்த வறண்ட சமவெளிக்குத் தைத்த சட்டையை ஆனைமுடியின் பக்கத்து மலைக்கு மாட்டினால் தையல் பிரியத்தானே செய்யும்? அவர் கடவுச்சொல்லைச் சொன்னார். தாளின் பூட்டைத் திறந்த பிறகே வரம்பை மாற்ற முடியும். வரம்பை அடியோடு நீக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த வரம்புக்கு ‘நிறுத்து’, ‘எச்சரி’, ‘தெரிவி’ என மூன்று நிலைகள் உண்டு. முன்பு ‘நிறுத்து’ என்று இருந்ததை ‘எச்சரி’ என்று மாற்றினேன். இப்போது பெரிய எண்ணைக் கண்டால் அது தடுப்பதில்லை, “இதை ஏற்கலாமா?” என்று கேட்கிறது. நான் நோட்டை மறுமுறை பார்த்து விடை சொல்கிறேன்.

இதைச் சிறு செய்தி என்று எண்ண வேண்டாம். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதையே இந்திய வானிலை ஆய்வுத் துறை அதி கனமழை என்கிறது. 200 என்ற வரம்பு அந்த வகையையே முழுதாக வெளியே நிறுத்திவிடும்! 2020 ஆகஸ்டு 6 இரவு, பெருமழையில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர்; பெரும்பாலோர் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மலை எத்தனை மழையைத் தாங்கும் என்பதை அறிய உதவுவது சாதாரண நாட்களின் கணக்கன்று. இத்தகைய நாட்களின் கணக்கே.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அண்டார்க்டிகாவின் மேலே ஓசோன் படலம் மெலிந்ததை 1985-ல் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் அறிஞர்கள் தரையிலிருந்து அளந்து வெளியிட்டனர். அமெரிக்கச் செயற்கைக்கோளும் அதே வானத்தை அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழான அளவுகளை ஐயத்துக்குரியவை என்று அதன் கணக்கீட்டு நிரல் குறியிட்டு ஒதுக்கியது. பிறகு மீண்டும் பார்த்தபோது உண்மை அங்கேயே இருந்தது.

இன்னொன்றும் எண்ணிப் பார்த்தேன். பெருக்க மறந்து 12.40 என்றே தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பன்னிரண்டு மில்லிமீட்டர் சாதாரணத் தூறல் என்று எண்ணி, விரிதாள் முணுமுணுக்காமல் ஏற்றிருக்கும். மெய்யை மறுத்த அதே கட்டம் பொய்யை வரவேற்றிருக்கும்.

தோழர்களே, கணிப்பொறி உங்கள் எழுத்தை ஏற்க மறுத்தால் பதற வேண்டாம். விசைப்பலகையா, நிரலா, கோப்பா, கட்டமா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வாருங்கள். கடைசியில், மறுப்பது இயந்திரமா, அல்லது எங்கோ அமர்ந்து வரம்பு வகுத்த ஒரு மனிதரா என்று கேளுங்கள். மனிதர் என்றால் அவரிடம் பேசலாம். அதுவரையில், ஏற்றுக்கொள்கிறது என்பதற்காக மட்டும் ஓர் எண்ணை எழுதாதீர்கள்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் பாட்டி கேட்டார்: “தாத்தா கணக்கு எல்லாம் ஏறிடுச்சாய்யா?”

“ஏறிடுச்சு பாட்டி. ஒரு சென்ட் குறையல.”

பாட்டி நோட்டுகளைத் துடைத்து மறுபடியும் தகரப் பெட்டியில் வைத்தார்.