முகத்தில் விழும் ஒளி

வன்னியிலே கமம் செய்யும் முதியவர் ஒருவரின் காவற் கொட்டிலில் மூன்று பற்றரி இடும் பழைய ரோச் ஒன்று நெடுங்காலமாகத் தொங்கியது. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர், பற்றரி வடபகுதிக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. அக்காலத்தில் ரோச் வெறுங் குழாயாகக் கிடக்க, ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கே வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிற்று. ஆகவே, கொழும்பில் வேலைபார்க்கும் மகன் சென்ற காலபோகத்தின்போது ஒரு சாண் நீளமும் இல்லாத புதிய மின்சூளைக் கொண்டுவந்து நீட்டியபோது, முதியவர் அதை ஐயத்துடனேயே கையில் வாங்கினார்.

மகன் அதன் இயல்புகளை விளக்கினான். உள்ளே இருப்பது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடைய லிதியம் அயன் கலம். 18650 என்னும் அதன் பெயரே அவ்வளவுகளைக் குறிப்பதாகும். இழைக் குமிழுக்குப் பதிலாக ஒளிகாலும் இருவாயி அமைந்திருத்தலின், அறுந்துபோக இழை இல்லை. உச்ச ஒளி 1000 லூமன். ஆனால் அந்நிலையில் உடல் விரைவிற் சூடேறுமாதலால், சில நிமிடங்களில் மின்சூள் தன் ஒளியைத் தானே தணித்துக்கொள்ளும். பெட்டியிற் குறித்திருந்த எறிதூரம் பற்றி முதியவர் வினவினார். அமெரிக்காவில் 2009 இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி, ஒளி 0.25 லக்ஸ் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ முழுநிலவின் வெளிச்சத்துக்குக் குறையும் இடமே அத்தூரத்தின் எல்லை.

"அப்ப கடைசியிலை நிலவைத்தானே அளவுகோலா வைச்சிருக்கினம்" என்று அவர் சிரித்தார்.

இன்னொரு இயல்பும் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒளி விட்டுவிட்டு மின்னி, எதிரே நிற்பவனின் கண்களைக் கூசச் செய்யும். பொலிசாரையும் படையினரையும் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஓரிரவு வரம்பிலே சரசரப்புக் கேட்டுப் பன்றியென எண்ணிய முதியவர், அவ்வொளியைப் பாய்ச்சினார்.

"அண்ணை, நான்தான்! லைற்றை நிப்பாட்டுங்கோ!"

குரலோடு ஒருவர் வாய்க்காலிலே விழுந்தார். தண்ணீர் திருப்ப வந்த அயல் வயற்காரர் அவர்.

அன்றிரவு முதியவர் உறங்கவில்லை. போர்க்காலப் பயணங்களில் எத்தனையோ முறை அவர் முகத்திலும் அவ்வாறே ஒளி விழுந்திருந்தது. ஒளியைப் பிடித்தவன் அவரைக் கண்டான். அவனை அவர் ஒருபோதும் கண்டதில்லை.

"பற்றரி இல்லாத இருட்டுக்கு நான் பயப்பிடேல்லை, தம்பி. முகத்திலை அடிச்ச வெளிச்சத்துக்குத்தான் பயந்தனான்" என்றார் மகனிடம்.

காண்பதற்கென்றே விளக்குத் தோன்றியது. பிறரைக் காணவிடாது செய்வதும் அதன் சிறப்பாகக் கணிக்கப்படும்போது, அது யார் கையில் இருக்கின்றது, எத்திசை நோக்குகின்றது என்னும் வினாக்கள் எழுகின்றன. லூமனும் எறிதூரமும் அவற்றுக்கு விடை தரமாட்டா.

முதியவர் மின்சூளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மிகக் குறைந்த ஒளியில், வரம்பைத் தடவியபடி அது இன்றும் அவருக்கு முன்னே செல்கின்றது. எதிரே ஆளரவம் கேட்டால், அவர் அவ்வொளியை முதலில் தம் முகத்திற் படச் செய்கிறார், அதன் பின்னரே, "ஆர் அது?" என்று கேட்கிறார்.