பாலக்கரைக் குமிழிகள்!

திருச்சிக்காரர் யாரிடமாவது 'பாலக்கரையில் என்ன விசேஷம்?' என்று கேட்டுப் பாருங்கள். சகாய மாதா கோயில், ஆட்டோ ஹாரன், கூப்பிடு தூரத்தில் காந்தி மார்க்கெட் என்று வரிசையாகச் சொல்வார். உய்யக்கொண்டான் வாய்க்காலை மட்டும் சொல்ல மாட்டார். அதைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிற வழக்கம். மூக்கைப் பொத்தினால் வாய் எங்கே பேசும்?

பாவம், அந்த வாய்க்கால் சோழர் காலத்துப் பெரியவர். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகரத்துக்குள் நெளிந்து, சுமார் 70 கிலோமீட்டர் நடந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேர்கிறார். வழியில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சோறு போடுகிறார். பதிலுக்கு நகரத்துக்காரர்கள் நாம் அவருக்குத் தருவது சாக்கடைத் தண்ணீர்.

நான் போன அன்று தண்ணீர் குறைவு. கரையோரச் சேற்றிலிருந்து 'புளுக் புளுக்'கென்று குமிழிகள். "மீனுங்களா ஐயா?" என்றேன், பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நின்ற பெரியவரிடம். மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவந்த விவசாயி அவர்.

"மீனாவது ஒண்ணாவது! அது கேஸு தம்பி. எங்க வயல்ல சேத்தை மிதிச்சாலும் இப்படித்தான் வரும்."

இதே குமிழியைத்தான் 1776-ல் இத்தாலியில் வோல்ட்டா பிடித்தார். பின்னாளில் மின்கலம் கண்டுபிடித்தாரே, அவரேதான். மஜோரே ஏரிக்கரையில் சேற்றைக் கிளறி, வந்த வாயுவைச் சேகரித்துக் கொளுத்திப் பார்த்தார். எரிந்தது! இன்று அதற்குப் பெயர் மீத்தேன்.

தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் அங்கே வைக்கோல், வேர், எரு எல்லாவற்றையும் தின்று மீத்தேனை விடும். வயலில் அதில் பெரும்பகுதி குமிழியாகக்கூட வராது. நெற்பயிரின் தண்டுக்குள்ளேயே காற்றுக் குழாய் இருக்கிறது. அது வழியாகச் சத்தம் போடாமல் வெளியே வந்துவிடும். எடைக்கு எடை பார்த்தால், 100 வருஷக் கணக்கில் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு கெட்டிக்காரன்.

"அப்ப உலகம் சூடாவறதுக்கு நாங்கதான் காரணமா?" என்றார் பெரியவர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால், இதே கேள்வி ஒரு காலத்தில் டெல்லி வரைக்கும் போயிருக்கிறது.

1990-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு ஒன்று வந்தது. இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்றது. நம்மூர் வயலில் அளந்தார்களா என்றால், இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்ததை வைத்து நமக்கும் பெருக்கிவிட்டார்கள்! பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டைத் துணி அளந்து நமக்குத் தைத்த மாதிரி.

ஏ.பி.மித்ரா என்ற விஞ்ஞானியின் தலைமையில், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991-ல் நாடு முழுக்க வயல்களில் இறங்கி அளந்தது. கிடைத்த விடை, சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! நம்மூரில் பாதி வயல் வானம் பார்த்தது. நடுநடுவே காய்ந்துவிடுகிற மண்ணில் மீத்தேன் எங்கிருந்து வரும்?

அளக்கும் விதம் ரொம்ப எளிமை. அடிப்பக்கம் திறந்த, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டியைப் பயிரின் மேல் கவிழ்ப்பார்கள். உள்ளே காற்றைக் கலக்க ஒரு குட்டி ஃபேன். கால் மணிக்கு ஒரு தரம், டாக்டர் ஊசி மாதிரியே ஒரு சிரிஞ்சால் உள்காற்றை உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் கொடுத்தால், மீத்தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மிஷின் சொல்லிவிடும். நாற்று நட்டதிலிருந்து அறுப்பு வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கொசுக்கடிக்குத் தனி அலவன்ஸ் கேட்கலாம்!

இதற்கு மருந்தும் உண்டு: 'காய்ச்சலும் பாய்ச்சலும்'. ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து வைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும், தண்ணீரும் மிச்சம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் மட்டும், காய்ந்த மண் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வில்லனைக் கிளப்பிவிடும்.

பெரியவர் தலையாட்டிக் கேட்டார். "எல்லாம் சரி தம்பி. முறை வச்சுத் தண்ணி விடறாங்க. அடுத்த தண்ணி எப்ப வரும்னு தெரியாம, இருக்கற தண்ணிய எவன் காய விடுவான்? கடைமடைக்காரன் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கான். தேதி சொல்லி, சொன்ன தேதிக்குத் தண்ணிய விடச் சொல்லுங்க. நான் நாளைக்கே காயப் போடறேன்."

சொல்லிவிட்டுக் காலிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு துவாக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

40 லட்சம் டன்னும் சும்மா இல்லைதான், குறைக்க வேண்டியதுதான். ஆனால் வயலுக்கு மட்டும் பெட்டி வைத்தால் போதுமா? பாலக்கரையில், நம் வீட்டுச் சாக்கடை வந்து சேரும் இடத்திலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். அந்தப் பில்லை விவசாயி தலையில் கட்ட முடியாதே!