படுத்தால் கூடும் தலைவலி

எங்கள் வீட்டில் தலைவலிக்கு மூன்று வைத்தியம். சுக்குப் பத்து, காபி, தூக்கம். மூன்றுக்கும் அடங்காத ஒரு தலைவலி அக்காவுக்கு வந்தது. நான் அப்போது பிளஸ் ஒன்.

தலைப்பிரசவம், சுகப்பிரசவம், பெண் குழந்தை. நல்ல கோடை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாது என்பது அப்பத்தாவின் சட்டம். "பச்சை உடம்புடா, தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும், பிள்ளைக்குச் சளி கட்டும்." நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். பூண்டுக் குழம்பும் லேகியமும் சாப்பிட்டுவிட்டு அக்கா சொம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். திருட்டுத்தனமாகவாவது நான் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தலைவலி. தலைக்கு ஊற்றிவிட்டுச் சரியாகத் துவட்டவில்லை என்று அம்மாவுக்குத் திட்டு விழுந்தது. பக்கத்துத் தெரு டாக்டர், தூக்கம் கெட்டதால் வருகிறது என்று மாத்திரை கொடுத்தார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கைக்குழந்தைக்காரி எங்கே தூங்குகிறாள்? ஆனால் அக்கா ஒன்று சொன்னாள். "படுத்தா ஜாஸ்தியாகுது, உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை." இருமினால் மண்டை பிளக்கிறது என்றும் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் விடிகாலையில் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க வலிப்பு. "ஜன்னி கண்டுருச்சே" என்று அப்பத்தா கத்தினாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் கொஞ்சம் இரத்தக் கசிவு. அதோடு விடாமல் சிரைகளையும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்ததில்தான் விஷயம் தெரிந்தது. மூளைக்கு வந்த இரத்தம் திரும்பிப் போகும் பெரிய சிரை ஒன்று உச்சந்தலைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. அதற்குள் இரத்தம் உறைந்து கட்டியாக நின்றுவிட்டது. (சிலருக்குச் சாதாரண சி.டி.யில் ஒன்றுமே தெரியாமலும் போகும்.)

மடை அடைத்த கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, போக வழியில்லை. மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால், குனிந்தால், இருமினால் இன்னும் ஏறும். வலி கூடியது அதனால்தான். பார்வை மங்கலாம், வலிப்பு வரலாம். அழுத்தம் தாங்காமல் கரை கசிவதுதான் அந்த இரத்தக் கசிவு.

இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடப்போகிறோம் என்று டாக்டர் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கசிகிறது என்கிறீர்கள், அதற்கு இரத்தத்தை இளக்க மருந்தா? கேள்வி சரிதான். 1991-ல் ஜெர்மனியில் வெறும் 20 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையில் ஹெப்பாரின் போட்டவர்கள்தான் தேறினார்கள். கசிவு இருந்தவர்களுக்கும் அது உதவியது. அடைப்பு வளராமல் நின்றால்தானே கசிவு நிற்கும்.

இந்த நோயைப் பற்றி 2004-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 624 பேர். அதில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி, நாலில் மூன்று பேர் பெண்கள். கருத்தடை மாத்திரை, காதுச் சீழ் என்று காரணங்கள் பல. பிரசவத்தில் இரத்தம் கொட்டிவிடக் கூடாது என்று உடம்பே இரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி வைத்திருக்கும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்துக்காவது அந்த ஆபத்து உண்டு. அதோடு தண்ணீரும் இல்லையென்றால்? நம் மதுரை டாக்டர் கே. சீனிவாசன் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளை இரத்தக் குழாய் அடைத்துக்கொண்ட 135 பெண்களைப் பற்றி 1983-லேயே எழுதியிருக்கிறார். நூற்று முப்பத்தைந்து பேர்! எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவேயில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆறு மாதம் வார்ஃபரின் மாத்திரை. கருத்தடை மாத்திரை இனி கூடாது, அடுத்த பிரசவம் என்றால் முன்கூட்டியே ஊசி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்பத்தாவிடம் நான் எதையும் விளக்கவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள். அவள் தங்கை பத்தொன்பது வயதில், பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் ஜன்னியில் போனாளாம். "தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நாங்க கொடுக்கலை." அவளுக்கு வந்தது என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அக்காவுக்கு இப்போதும் எப்போதாவது தலை வலிக்கும். உடனே படுத்துப் பார்ப்பாள். படுத்தால் குறைகிறது என்று தெரிந்த பிறகுதான் சுக்கைத் தேடுவாள்.