ஞாயிறு வந்தால் ரயிலேறு!

மியூனிக்கில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அக்கம்பக்கத்தில் ஆணி அடிக்கும் சத்தம்கூடக் கேட்காது. வேலையை விட்டுவிட்டுக் கணவருடன் வந்த எனக்கு அந்த நிசப்தம்தான் பயமாக இருந்தது.

கைகொடுத்தது, 2023 மே மாதம் அறிமுகமான 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'. அப்போது மாதம் 49 யூரோ. இப்போது விலை கூடிவிட்டது. அதிவேக ரயில்கள் தவிர, நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் சுற்றலாம்.

புளியோதரை கட்டிக்கொண்டு கார்மிஷ் கிளம்பினோம். ஜெர்மனியின் உயரமான மலையான சுக்ஸ்பிட்சேயின் (2,962 மீட்டர்) அடிவாரத்தில் பச்சை நிறத்தில் ஐப்சே ஏரி. கரையோரப் பாதையில் எதிரே வந்த முகம் தெரியாதவர்கள்கூட 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொன்னார்கள். தயங்கித் தயங்கி நானும் சொன்னேன். பத்தாவது ஆளுக்குள் கூச்சம் போயே போச்சு!

மறுநாள் பேக்கரிக்குத் தனியாகப் போய், அதே வணக்கத்தோடு ரொட்டி கேட்டேன். கடைக்காரம்மா சிரித்தார். ஊர் கொஞ்சம் நம்முடையதாச்சு.