மீன்தொட்டிக்கு ஒரு மோட்டார்

மகள் குடும்பம் புனேக்கு மாற்றலாகிப் போனபோது சட்டி பானையெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. நாலடி மீன்தொட்டி மட்டும் அருப்புக்கோட்டையில் எங்கள் முன்னறையில் தங்கிவிட்டது. உள்ளே இரண்டு ஆஸ்கார் மீன்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரியது. ஞாயிறுதோறும் பேரன் வீடியோவில் கூப்பிடுவான். தாத்தா பாட்டி நலமெல்லாம் அப்புறம்தான். முதலில் போனை மீனுக்கு நேரே பிடிக்க வேண்டும். அதனால் போன மாசியில் தொட்டியின் மோட்டார் நின்றபோது நாளைக்குப் பார்ப்போம் என்று விட முடியவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்கார் நிறையத் தின்னும், அதற்கேற்ப அழுக்கும் சேர்க்கும். தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதற்குப் பெயர் சம்ப். (நம் ஊரில் சம்ப் என்றால் லாரித் தண்ணீர் இறக்கும் தரைத்தொட்டி. இது அதன் பேரப்பிள்ளை.) மேல்தொட்டியின் ஓரத்தில் ஒரு தடுப்பு, கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி. நிறைந்து வழிகிற தண்ணீர் குழாயில் தானாகக் கீழே இறங்கும். பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் புகுந்து தெளிந்து கடைசி அறைக்கு வரும். அங்கிருந்து மேலே ஏற்றிவிடுவதுதான் மோட்டாரின் வேலை. அந்த வளையங்களில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றிக் கொடுக்கின்றன. ஓட்டம் நின்றால் அவற்றுக்கும் மூச்சு முட்டும், பிறகு மீனுக்கும்.

வீட்டில் வேறொரு கேள்வி எழுந்தது. "குடிதண்ணிக்கு என்னைக்குக் குழாயில வருமோன்னு குடத்தை வரிசை வச்சுக் காத்துக்கிட்டு இருக்கோம். இதுல மீனுக்கு மோட்டாராங்க?" என்றாள் மனைவி. இந்தக் கரிசல் காட்டில் பிறந்தவள் கேட்கிற நியாயமான கேள்விதான். வாரம் 50 லிட்டர் தண்ணீர் மாற்றியாக வேண்டும். அதில் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது, முழுவதும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும்தான் என்று பேசி முடித்தோம். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு உரமும்கூட. இப்போது கறிவேப்பிலை மாடியை எட்டிவிட்டது.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். மோட்டார் எடுத்துக் காட்டிய தம்பி 5000 லிட்டர் என்று போட்ட பெட்டியை நீட்டி, "பெருசாவே போட்டுக்கங்க சார், பின்னாடி கவலை இல்ல" என்றான். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் கேட்ட வாசகம் இது.

வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன் நான். 1980களில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பம்புசெட் கடனுக்காக ஏறி இறங்காத கிணறு குறைவு. குண்டாற்றங்கரையை விட்டுத் தள்ளிப் போனால் கிணற்றில் ஊற்று கஞ்சத்தனமாகத்தான் இருக்கும். ஆனாலும் கொட்டேஷன் எல்லாம் ஐந்து குதிரைத்திறனுக்கே வரும். ஒரு பெரியவர் மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்து மூன்றாக மாற்றி வாங்கி வந்தார். ஏன் ஐயா என்றேன். "ஊத்து எவ்வளவோ அவ்வளவுதான சார் மோட்டாரு? அஞ்சைப் போட்டா அரை மணியில தரை தட்டிரும். அப்புறம் ஊறுற வரைக்கும் நான் வரப்புல உக்காந்திருக்கணும், வட்டி மட்டும் உக்காராம ஓடும்" என்றார். ஹெட், டிஸ்சார்ஜ் என்று படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

மீன்தொட்டிக்கும் அதே இரண்டு கட்டம்தான். எங்கள் தொட்டி 9 கன அடி, சுமார் 250 லிட்டர். மணிக்கு ஐந்து தடவை, பத்துத் தடவை சுற்ற வேண்டும் என்பார் உண்டு. எனக்கு நாலு தடவை போதும். அதாவது மணிக்கு 1000 லிட்டர். அப்படியானால் 1000 என்று எழுதிய மோட்டாரை வாங்கலாமா? கூடாது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அளவு, ஓர் அடிகூட ஏறாமல் மோட்டாரின் வாயிலேயே வருகிற தண்ணீர். பக்கத்தில் சின்ன எழுத்தில் மீட்டரில் ஓர் உயரம் இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் வீடு இருக்கிறது.

சம்ப் நீர்மட்டத்திலிருந்து மேல்குழாய் வாய்வரை 1.4 மீட்டர் என்று அளந்து கொண்டு போயிருந்தேன். 2500 லிட்டர், இரண்டரை மீட்டர் என்று போட்ட மோட்டார் இந்த உயரத்துக்கு ஏறக்குறைய 1100 தரும். எல்போ இரண்டு, குழாயின் உராய்வு இவற்றைக் கழித்தால் கேட்ட கணக்கு வந்துவிடும். தம்பி காட்டிய 5000 லிட்டர்க்காரன் இங்கே 3000க்கு மேல் ஏற்றுவான். இறங்குகிற குழாயோ ஓர் அங்குலம். கலுங்கு தாங்காவிட்டால் கரை என்னாகும் என்று கண்மாய்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? முன்னறைதான் நனையும்.

கரண்டும் பார்க்க வேண்டும், இது இரவு பகல் ஓடுகிற மோட்டார். பெரியது 100 வாட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். நான் வாங்கியது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசி மோட்டார், 25 வாட், 36 யூனிட். விலை இரண்டு மடங்கு, கொடுத்தேன். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார் தின்னும் கரண்ட் எல்லாம் கடைசியில் அந்தத் தண்ணீரில் சூடாகத்தான் சேரும். சித்திரையில் முன்னறையே கொதிக்கிறபோது அந்தச் சூடு வேறு வேண்டாம். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். இன்னொன்று, 2012 மின்வெட்டில் வாங்கிய எங்கள் இன்வெர்ட்டர் பழைய சதுர அலை வகை. முந்தைய ஏசி மோட்டார் அதில் உறுமிக்கொண்டே இருக்கும். இது அடாப்டரில் ஓடுவதால் சத்தமே இல்லை.

இன்வெர்ட்டரும் கைவிட்டால் மேலே ஏறின குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கும். எங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 14 லிட்டர். அதைத் தாங்கச் சம்பில் இடம் காலியாக விட வேண்டும். மேல்குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டையும் போட்டேன்; மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும்.

மாட்டி முடித்ததும், கிணற்று மோட்டாரை அளப்பதுபோலவே 15 லிட்டர் வாளியை வைத்துப் பிடித்தோம். மனைவி கைக்கடிகாரம் பார்த்தாள். 56 விநாடி. மணிக்கு 960 லிட்டர் என்று நான் கணக்குச் சொல்வதற்குள் அவள் வாளியோடு கறிவேப்பிலைக்குப் புறப்பட, அது தொட்டித் தண்ணீர், திரும்ப ஊற்ற வேண்டும் என்று வாங்கி வைத்தேன்.

இனிப் பராமரிப்புதான் பாக்கி. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிற பூமி இது. போர் தண்ணீர் எங்கே நின்றாலும் வெள்ளை படியும். மாதம் ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் இம்பெல்லரை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டுகிறேன். அந்த ஒரு மணி நேரம் மீன்கள் இரண்டும் கண்ணாடியோரம் வந்து நின்று என்னையே பார்க்கும்.